ஓடாத வண்டிக்கு முதல் சர்வீஸ்

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கையில் ஒரு புதுக் காரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கொடுத்த இடத்திலேயே நிற்கும்.

அந்த வாத்தியார் என் வீட்டுக்காரர். திண்டுக்கல்லில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தியே காலம் தள்ளியவர்கள். கார் வாங்கியதே எனக்காகத்தான். முழங்கால் போய்விட்டது, பஸ் படி ஏற முடியவில்லை. வேடசந்தூரில் என் அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கூடப் பிறந்தவள் என்று எனக்கு அவள் ஒருத்திதான். வாரம் ஒருமுறையாவது போய் அவள் தலைமாட்டில் உட்கார வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. "மில்லு வேலைக்காரங்க நெரியுற பஸ்ல முட்டி மோதி ஏறுற வயசா உனக்கு? காரு வாங்கிருவோம்" என்று அவர்தான் சொன்னார். மனுஷன் தங்கம். அதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் வந்ததில்லை.

கார் வந்தது. பங்குச்சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அவர் தலை மறைந்ததும் இவர் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து முன்னால் கட்டினார். "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புது வண்டி ஊர் எல்லையைத் தாண்டினால் முதலில் வேளாங்கண்ணி மாதாவிடம்தான் போக வேண்டும் என்று எங்கள் ஆட்களில் பலர் நேர்ந்துகொள்வார்கள். இவரும் நேர்ந்துகொண்டார்.

"சரி, இந்த வாரம் வேளாங்கண்ணி, அடுத்த வாரம் அக்கா வீடு" என்றேன்.

"மொத சர்வீஸ் விடாம அம்புட்டு தூரம் போகக் கூடாது."

"அப்ப சர்வீஸ் விடுங்க."

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்ல. ஓடாத வண்டியில என்னத்த சர்வீஸ் பண்ணுவான்?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதேதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வருவதைத் தவிர அந்த வண்டிக்கு வேறு வேலை இல்லை. அதிலும் சீட்டில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே கூடாது. வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நான் நகம் வைத்தாலே பதறுவார்.

வாடகைக் கார் பிடித்துப் போகிறேன் என்றேன். சொந்தக் காரை வாசலில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் போனால் தெருவே சிரிக்கும் என்றார். ஆத்திரத்தில் ரெண்டு நாள் குழம்பில் உப்பைக் குறைத்தேன். பிரஷருக்கு நல்லது என்று ரசித்துச் சாப்பிட்டார்.

அக்கா போனில் கேலி செய்வாள். "காரு வாங்கிட்டியாமே. என் வீட்டுக்கு வர அதுக்கு வழி தெரியலையாக்கும்?" நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் அடிக்கடி கூப்பிடுவாள். "இன்னும் எரநூறுகூடத் தாண்டலைம்மா" என்று இவர் பெருமையாகச் சொல்லி வைத்துவிடுவார். ஒருநாள் அந்தப் பெண் விடவில்லை. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சார், மாசமா கிலோமீட்டரா, எது முந்துதோ அதான் கணக்கு. உங்களுக்கு மாசம் எப்பவோ முந்திருச்சு. ஓடாட்டியும் ஆயில் கெட்டுப்போகும் சார்."

"புது வண்டிம்மா! கோயிலுக்குத் தவிர ஷெட்டை விட்டே எடுக்கல. அது எப்படிப் பழசாகும்?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஒரே எடத்துல கெடந்தா வயசு நின்னுருமாங்க? எங்கக்காவும்தான் நடக்காம கெடக்கா" என்றேன். அழுதுவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அவர் வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுபோனார். மதியம் வந்து, "கெளம்பு" என்றார்.

"வேளாங்கண்ணிக்கா?"

"வேடசந்தூருக்கு."

"நேர்ச்சை என்னாகுறது?"

சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாதாவே வயித்துப் பிள்ளையோட மல ஏறிப் போயி சொந்தக்காரியப் பாத்ததா பைபிள்லயே இருக்கு. அவளுக்குத் தெரியாதா?"

தாடிக்கொம்பு தாண்டும்வரை வந்த வண்டிக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் வந்த மில் பஸ்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான். எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபமே வரவில்லை.

அக்கா கட்டிலோடு ஒட்டிப்போயிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. அப்புறம், "காரு எங்கடி?" என்றாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அவள் மகனும் இவரும் நாற்காலியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நான் முன்கதவைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறை வெயிலில் கொதித்துக் கிடந்தது.

"செத்த நேரம் பொறுங்க மதினி" என்று இவர் குனிந்தார். அந்த உறையைத் தன் கையாலேயே சர்ரென்று கிழித்தார். சுருட்டித் தூரப் போட்டார். சீட்டைக் கையால் தடவிச் சூடு பார்த்துவிட்டுத்தான் அக்காவை உட்கார வைத்தார்.

"மெத்துன்னு இருக்குடி" என்றாள் அக்கா.

"எங்க போகணும் மதினி?"

"ஊர ஒரு சுத்து சுத்தி வாங்க தம்பி. பாத்து எம்புட்டு நாளாச்சு."

கடைவீதி, பஸ் ஸ்டாண்ட், அவள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் என்று மெல்ல ஓட்டினார். அக்கா ஒவ்வொன்றையும் கண்ணாடி வழியே பார்த்தாள். திரும்பி வரும்போது அவள் தலை சாய்ந்திருந்தது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வீடு வந்துருச்சுங்க" என்றேன் மெதுவாக.

"தெரியும். தூங்கட்டும்" என்றார். வாசலில் நிறுத்தாமல் மறுபடியும் கடைவீதிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.