பைக்கிலிருந்து விழுந்தவர்

மேலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் பதிவு எழுதுகிறேன். கல்குவாரி மேஸ்திரி ஒருவர், கை கால் நசுங்கிய ஆட்களை ஆட்டோவில் கூட்டி வருவார். துண்டால் புருவத்துக் கல்தூசியைத் துடைத்தபடி, அவர்களை வாய் திறக்கவிடாமல் தானே சொல்வார்: "பைக்குல இருந்து விழுந்துட்டான், எழுதும்மா."

சட்டம் மாறி, வேலையிடத்து விபத்தா என்று கேட்கும் புதுப் படிவம் வந்தது. அதற்கும் அதே பதில்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டே விட்டேன்.

"குவாரிய மூடிட்டா அம்புட்டுப் பேரும் எங்கம்மா போறது?"

போன மாதம் அவரையே தூக்கி வந்தார்கள். வலது கை நசுங்கியிருந்தது.

"கல்லு விழுந்துச்சாண்ணே?"

"இல்லம்மா, பைக்குல இருந்து..."

"சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

இடது கையால் புருவத்தைத் துடைத்தார். "பின்னால உக்காந்து வந்தேன்னு எழுதும்மா."

எழுதினேன். யார் ஓட்டியது என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.