முப்பாட்டனாரின் இடது காது

பஞ்சு சுற்றிய குச்சியை நாக்கில் தொட்டு, தளபதியின் மூக்கை ஒற்றி எடுக்கிறார் கண்ணாடி அக்கா. பஞ்சு பழுப்பாகிறது. "எத்தனை வருஷத்து சுருட்டுப் புகையோ! எச்சிலுக்குத்தான் இந்த அழுக்கு பயப்படுது" என்றபடி அடுத்த குச்சியை எடுக்கிறார்.

தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் உள்ளே வந்தால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய அறை. சுவர் முழுக்கக் கடற்படை வீரர்கள். செம்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியால் முகம் தீட்டி, உலையில் சுட்டெடுத்த பழைய எனாமல் படங்கள்; பழுது பார்க்க அக்காவிடம் வந்தவை. உள்ளங்கை அகலம்தான். யார் எந்தப் போரில் வென்றார் என்பதெல்லாம் அக்காவுக்கு வேண்டாத கதை. தாடை வீங்கினாற்போல் இருப்பவர் 'பல்வலி'. ஓரக்கண்ணால் பார்ப்பவர் 'சந்தேகம்'. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவர், மதியச் சாப்பாட்டோடு வரும்போது அத்தனை பேருக்கும் ஒரு சலாம் வைப்பார்.

"வீட்ல நான் ஒரே ஆம்பளை. இங்க வந்தா பத்தொன்பதாவது ஆளு."

"அவங்க யாரும் குறட்டை விடறதில்ல" என்பார் அக்கா, தலை நிமிராமல்.

இருபது ஆண்டுகள் பீங்கான் பல் செய்த கை. தும்மல் வந்தால்கூடத் தூரிகையைக் கீழே வைத்த பிறகுதான் தும்முவார். சென்ற மாதம் அந்தக் கையே காலை வாரிவிட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண் கொடுத்த படம் அது. சண்டையில் கப்பலைக் காப்பாற்றியதற்காக அவளுடைய முப்பாட்டனாருக்குக் கடற்படை செய்து தந்தது. அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு வீட்டில் வேறு சாட்சி கிடையாது. பின்பக்கக் களிம்பைச் சுரண்டும்போது தகடு நழுவி மேசை விளிம்பில் மோதியது. எடுத்துப் பார்த்தால் இடது காதைக் காணோம். மிளகளவு சில்லு, பொடிப்பொடியாக.

பிசினில் வண்ணம் குழைத்து அடைத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"யாருக்கும் தெரியாதுல்ல, அப்புறம் என்ன?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமே. அந்தப் பொண்ணு வந்து நல்லா இருக்குக்கான்னு சொன்னா, மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

கிரேன்காரப் பெண் படியேறியதும், படத்தை எடுக்கும் முன்பே சொல்லிவிட்டார். "உங்க தாத்தா காதை நான் ஒடச்சிட்டேம்மா. இப்ப இருக்கறது நான் வெச்ச காது."

அவள் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். முகம் வாடித்தான் போயிற்று. பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது.

"பீரங்கிக்கே தப்பிச்ச மனுஷன், கடைசில உங்ககிட்ட மாட்டிக்கிட்டாரே! நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா."

"அதனாலதாம்மா சொன்னேன்."

அக்கா ஒரு துண்டுக் காகிதம் வெட்டினார். 'இடது காது என் கைத்தவறு. பிசினால் செய்தது' என்று எழுதித் தேதியிட்டு, முழுப் பெயரையும் போட்டார். மை காயும்வரை ஊதினார். பிறகு படத்தைக் கவிழ்த்து, பசை தடவி, காகிதத்தின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டினார்.