முழியன் வாயில் முட்டை

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் ரப்பர் பால்மரம் சீவும் வேலை நின்றுபோனதால், தோட்டத்தை விட்டுக் கடலோரத்துக் கோலக் கெடாவுக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு ஜப்பானியரின் அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அரிசி சுமப்பவர் வீட்டில் அரிசி இருக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து நியாயம்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் தீவுப் பாறைகளில் கூண்டு போட்டு மீன் பிடிப்பார். விலை போகாத பொடிமீனை எங்களுக்குத் தருவார். அதில் ஒரு வகைக்கு முழியன் என்று நான் பெயர் வைத்திருந்தேன். விரல் நீளந்தான் இருக்கும், தலையில் பாதி கண். முதுகில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துடுப்புகள், உடம்பில் நீளவாக்கில் கோடுகள், வால் தொடங்கும் இடத்தில் மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. எத்தனை மீனோடு கலந்து கிடந்தாலும் பொறுக்கி எடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஒருநாள் ஒரு முழியனின் வாய் நிறைய முட்டை இருந்தது. ஆண் மீன் முட்டைகளை வாயில் அடக்கி, குஞ்சு பொரிக்கும்வரை இரை எடுக்காமல் காக்கும் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்று அதைத் திருடன் என்றே முடிவு கட்டினேன்.

“யாரோட முட்டைம்மா இது?”

“எனக்கு என்னா தெரியும்? அப்பா வரட்டும், கேளு.”

அதுவரை பொறுப்பேனா? மீனை இலையில் வைத்துக்கொண்டு கிடங்கு வாசலுக்கு ஓடினேன். வேலை முடிந்தவர்கள் காவலுக்கு நின்ற ஜப்பானியச் சிப்பாயைக் குனிந்து வணங்கி, மடியை உதறிக் காட்டிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி அரிசியோடு அகப்பட்டவர் முந்தின வாரம் வீடு திரும்பவில்லை. அப்பாவும் குனிந்து நிமிர்ந்தார்.

“அப்பா, இந்த மீனு முட்டைய திருடித் திங்குதா? சொல்லுப்பா.”

அவர் பேசவில்லை. கையைப் பிடித்து உலுக்கினேன். சிப்பாய் திரும்பிப் பார்த்தான். அப்பா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. மீன் மண்ணில் விழுந்தது. நான் ஊரைக் கூட்டி அழுதேன். சிப்பாய் சிரித்துவிட்டு, போ என்று கையசைத்தான்.

வழியெல்லாம் அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் போய், இரண்டு கன்னத்திலும் அடக்கி வைத்திருந்த அரிசியைக் கொட்டாங்கச்சியில் துப்பினாராம். அம்மா கழுவி உலையில் போட்டாளாம். நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் இது தெரியும்.

அன்று எனக்கு மட்டும் கஞ்சி கிடைத்தது. அடித்ததற்குச் சமாதானம் என்று நினைத்தேன். அப்பா கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் குடித்தேன்.