வானத்தில் இருந்த மச்சம்

எதிர் வீட்டுப் பெண்ணை நான் எடுத்தது மூன்றே படங்கள். என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ஐப்பசி, ஞாயிறு, காலை பதினொன்று, மழை விட்ட நல்ல வெயில், துவாரம் பதினாறு. பதினாறு என்பது லென்ஸின் துவாரத்தைக் குறிக்கும் எண். எண் பெரிதானால் துவாரம் சிறுத்துவிடும். வெயிலில் அப்படி வைப்பதுதான் முறை. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நான் பட்ட பாட்டில் பாதி அந்தப் பதினாறால் வந்தது.

எதிர் வீட்டுக்காரர் ஆவடித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து ஷாப்பில், லேத் பிரிவில், டர்னர். ஒரே மகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். நூம்பலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, படம் கேட்டார்கள். ஸ்டுடியோவில் எடுத்தால் பொம்மை மாதிரி ஆக்கிவிடுவான் என்று சொல்லி, குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் என்னையே எடுக்கச் சொன்னார்.

பிரிண்டு வந்தபோது மூன்றிலும் ஒரு கரும்புள்ளி. ஒன்றில் மரத்தின் மேல், ஒன்றில் சுவரின் மேல், அவள் நன்றாகச் சிரித்திருந்த மூன்றாவதில் சரியாக இடது கன்னத்தின் மேல். ஓரம் லேசாக மங்கிய, மிளகளவுப் புள்ளி. வேறு பிரிண்டு போட்டுத் தருகிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். அன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று அவர் அதையே கவரில் போட்டு மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் கொடுத்துவிட்டார்.

நான் அம்பத்தூர் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். பல வருடமாக என் ஃபிலிமைக் கழுவுகிறவர் அவர். படத்தைப் பார்த்த ஒரு நொடியில் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா சார், எம்மேல பழிய போட்டுகினு. வெள்ளப் புள்ளின்னா என் தூசி. கறுப்புப் புள்ளின்னா உன் தூசி. நீ எட்தாந்திருக்கறது கறுப்பு."

அவர் சொன்னது சரி. பிரிண்டு போடும்போது நெகட்டிவில் தூசி இருந்தால் அந்த இடத்தில் தாளில் வெளிச்சம் விழாது, வெள்ளையாகவே நின்றுவிடும். கேமராவுக்குள் தூசி இருந்தால் ஃபிலிமில் வெளிச்சம் விழாது, பிரிண்டில் கறுப்பாக வரும். இத்தனை புத்தகம் படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் அதிக எரிச்சல்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். ஆயுத பூஜைக்கு முன்னால் எடுத்த எதிலும் புள்ளி இல்லை. அதற்குப் பின்னால் வெயிலில் எடுத்த எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்தது. கள்ளிக்குப்பம் பக்கம் தண்ணீர் தேங்கிய படத்தில் அதைக் காக்கை என்று நினைத்து, 'ஒரு காக்கை' என்று பின்னால் எழுதிக்கூட வைத்திருந்தேன். வீட்டுக்குள் எடுத்த படங்களில் மட்டும் இல்லை. அங்கே துவாரத்தை அகலத் திறந்துவிடுவதால் புள்ளி கரைந்துபோயிருக்கிறது.

காரணம் தெரிய அரை நிமிடம் ஆகவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு மெஷினை வெளியே மட்டும் துடைத்துப் பொட்டு வைத்தால் அது பூஜை இல்லை. மூடியைத் திறந்து, உள்ளேயும் துடைத்து, உள்பக்கமும் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்தப் பழக்கத்தில் நானே கேமராவின் பின் கதவைத் திறந்து உள்ளே ஒரு பொட்டு வைத்தேன். இதுவும் நோட்டில் இருக்கிறது.

கேமராவில் இருந்த ஃபிலிமில் பதினான்கு படம் பாக்கி இருந்தது. மாடிப்படி, பக்கெட், மனைவியின் முதுகு என்று எதையெதையோ எடுத்துத் தீர்த்துவிட்டு, கதவைத் திறந்து, ஷட்டரை அழுத்திப் பிடித்து லென்ஸ் வழியே ஜன்னலைப் பார்த்தேன். காய்ந்து உதிர்ந்த சந்தனத்தில் ஒரு பொருக்கு, குங்குமத்தோடு, லென்ஸின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டால் தீர்ந்தது. துணி எடுக்க எழுந்தபோது எதிர் வீட்டுக்காரர் சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

"மாப்ள அம்மாவுக்கு ரொம்ப புடிச்சிடுச்சி சார். எடது கன்னத்துல மச்சம் இருக்கற பொண்ணு வந்தா சொந்த ஊடு கட்டுவாங்கன்னு அவங்க ஜோசியர் முன்னாடியே சொல்லியிருந்தாராம். மார்கழி பொறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம வராங்க."

அது மச்சமில்லை, தூசி என்றேன்.

"மச்சம்னு அவங்கதான சொல்றாங்க. நாம சொன்னமா?"

நேரில் பார்த்தால் தெரியாதா என்றேன். அதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் மாலை வேலை விட்டு வந்த அந்தப் பெண் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா மைப் பென்சில் வாங்கி வெச்சிருக்காரு அங்கிள். அன்னைக்கி வெச்சுக்கணுமாம். அப்புறம் தெனம் காலைல எழுந்து வெச்சுகினே இருக்கணுமா?"

"நேரா சொல்லிடலாமே."

"சொன்னா யாரு நம்புவாங்க? மச்சத்த எடுத்துட்டம்பாங்க, இல்ல போட்டோவுலயே வரைஞ்சிட்டம்பாங்க. அவரு போட்டோவப் பாத்தேன், எனக்குப் புடிச்சிருக்கு அங்கிள். அதனாலதான் பயமா கீது. நாங்க ஏமாத்தினோம்னு அவருக்குத் தோணிடக் கூடாது."

ஆகவே துடைக்கக் கூடாது என்று ஆயிற்று. அந்தப் பொருக்கு அதே இடத்தில் இருக்கும்போதே, வேறொன்றும் இல்லாத வானத்தைப் பதினாறில் எடுத்து, அதே இடத்தில் புள்ளி விழுவதைக் காட்ட வேண்டும். தூசியைப் போக்கத் தெரிந்த எனக்குத் தூசியைக் காப்பாற்றத் தெரியவில்லை. புது ஃபிலிமை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். கேமராவை அலமாரியில் தலையணை மேல் வைத்தேன். பக்கத்தில் யாரும் கதவை அடித்துச் சாத்தக் கூடாது என்றேன்.

"பெத்த புள்ளைய ஒரு நாள் இப்டித் தூக்கினதில்ல" என்றாள் மனைவி.

அதற்கப்புறம் மழை. ஒன்பது நாள் சூரியன் வரவில்லை. ரேடியோவில் புயல் சின்னம் நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது என்றார்கள். நான் தினம் காலையில் வாசலுக்கு வந்து வானத்தைத் திட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனேன். வெள்ளைச் சுவரை எடுக்கலாம்தான். ஆனால் குவார்ட்டர்ஸ் சுவர்களில் அந்த மழைக்குப் புள்ளியில்லாத இடம் ஒரு சாண்கூடக் கிடையாது. கடைசி வாரம் வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் வெயில் அடித்தது. சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, ஆறு படம் வானத்தை எடுத்து, மிச்ச ஃபிலிமை வீணாக்கி, சாப்பிடாமல் திரும்பி ஓடினேன்.

சாயங்காலம் ஸ்டுடியோவில் இன்னொரு சண்டை.

"இன்னா சார் இது, ஆறும் வெறும் வானம். காக்கா கூட இல்ல. பிரிண்டு வேற போடணுமா?"

"போடு. அந்தப் புள்ளிய மட்டும் டச் பண்ணிடாதே."

"போன மாசம் புள்ளி கீதுன்னு சண்ட. இந்த மாசம் புள்ளி வோணும்னு சண்ட. நீ கேமராவ வித்துட்டு ரேடியோ வாங்கிக்க சார்."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் மூவரும் எதிர் வீட்டுக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன். காபி கொடுத்த பெண்ணின் முகத்தை அந்த அம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார்.

"இன்னாமா, மச்சத்தக் காணோம்?"

எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பெண் யாரையும் பார்க்கவில்லை. நான் கொடுத்திருந்த வானத்துப் படத்தையும் தன் படத்தின் இன்னொரு பிரதியையும் எடுத்து, ஓரங்களைச் சேர்த்து அந்த அம்மாளின் மடியில் வைத்தாள்.

"எனக்கு மச்சம் இல்லீங்க. ரெண்டுத்துலயும் ஒரே எடத்துல கீது பாருங்க. கேமராவுக்குள்ள இருக்கறது."

அந்த அம்மாள் இரண்டையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். நான் துவாரம், பதினாறு, பின் கண்ணாடி, குங்குமம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் குங்குமம் மட்டும்தான் விழுந்தது.

"மிஷினுக்குள்ள எவனாச்சும் பொட்டு வெப்பானா?"

அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "எங்க கம்பெனிலயும் வெக்கிறோம்மா. போன வருஷம் வெயிட் மிஷினுக்குள்ள வெச்சு, மூணு நாளு எல்லாத்துக்கும் எட கூட காட்டிச்சு." பெண்ணும் சிரித்தாள். எதிர் வீட்டுக்காரர் மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் தொழிற்சாலை கேட்டில் என்னைப் பார்த்தால் எதிர் வீட்டுக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். புதன்கிழமை மாலை தாய்மாமன் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"அக்கா ஒத்துக்கிச்சி. பொண்ணு அதுவே போட்டோவ எடுத்து வெச்சிச்சு பாரு, அதான் புடிச்சிதாம். தையில வெச்சுக்கலாம்."

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. தாய்மாமன் என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னே ஒன்னு சார். கல்யாணத்துக்கு போட்டோ எங்க ஆளு எடுப்பான். நீங்க பந்தியப் பாத்துகினா போதும்."

கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனவுடனேயே துடைத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிர் வீட்டுக்காரர் அதற்குள் பலமாகத் தலையாட்டிவிட்டார்.