மூன்று நாள் நீலம்

நீலக்கல் வைத்த தொங்கட்டான் மேல் எனக்கு ஆசை. ஆனால் நீலம் சனி பகவானின் கல்.

"சனி மாதிரி குடுக்கறவனும் இல்ல, கெடுக்கறவனும் இல்ல. மூணு நாள் போட்டுப் பாரு. ஏதாவது கெட்டது நடந்தா கடையில திருப்பிக் குடுத்துடு" என்றார் மாமியார். தாம்பரத்தில் எங்களுக்குப் பழக்கமான நகைக்கடைக்காரரும் சம்மதித்தார். நீலத்தை அப்படிச் சோதித்து வாங்குவதுதான் வழக்கமாம்.

முதல் நாள் முடிச்சூரில் ஸ்கூட்டர் பஞ்சர். இரண்டாம் நாள் ரயிலைத் தவறவிட்டு ஆபீசில் திட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் கண்ணாடிக் கிண்ணம் கை தவறி உடைந்தது. சில்லுகளைச் செய்தித்தாளில் சுற்றி, குப்பைக் கூடையின் அடியில் அமுக்கினேன். காதில் அந்தக் கல் ஆடும் அழகைப் பார்த்த பிறகு உண்மை சொல்ல யாருக்கு மனசு வரும்?

மாலையில் மாமியார் கேட்டார். "ஏதாவது நடந்துதா?"

"ஒண்ணுமே இல்ல அத்தை. ராசியான கல்லு."

"அப்படியா! எனக்கும் உன்னை மாதிரி மகர ராசிதானே? கழட்டிக் குடு, நாளைக்கு நான் போட்டுக்கறேன்."

மறுநாள் காலை சமையலறைக்குள் நுழைந்தேன். காதில் நீலம் ஆட, மாமியார் செய்தித்தாளில் எதையோ சுற்றிக் குப்பைக் கூடைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை உடைஞ்சுது?"

"ஒண்ணுமே இல்ல" என்றார். "ராசியான கல்லு."