வெட்டாமல் ஒன்று

இரத்தினசிங்கம் அங்கிளோடு லிப்டில் ஏறினால் வாய் திறக்க முடியாது. காதைச் சுவரோடு வைத்து, கம்பி இழுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். கொழும்பில் எத்தனையோ கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்த்த மனிதர். வேலையை விட்ட பிறகும் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டின் லிப்டை அவர் நம்பியதே இல்லை. "பக்கத்து லிப்ட் நல்லா ஓடுது எண்டு இதுக்கு நான் பொறுப்பு நிக்கேலாது, ஷிம்னா பிள்ளை" என்பார். அப்படிப்பட்டவர் அடுப்படிக்குள் போனால் என்ன கூத்து நடக்கும் என்பதை எதிர்வீட்டில் இருந்து பார்த்தவள் நான்.

அவரை அடுப்படிக்குள் இறக்கியது அவர் மனைவி பாலேஸ்வரி ஆன்ட்டியின் வருத்தம். ஆன்ட்டிக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியதும், கடைச் சாப்பாடு கூடவே கூடாது, வீட்டிலும் எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆன்ட்டிக்கோ சோறு மணத்தது, மீன் மணத்தது, தேத்தண்ணீர்கூட மணத்துக் குமட்டியது. கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். காலி வீதியில் ஒரு சீனக்கடை இருந்தது. சம்பள நாளில் இரண்டு பேரும் அங்கே போய், இறைச்சி வைத்து அவித்த டம்ப்ளிங் சாப்பிடுவார்களாம். ஆன்ட்டி முழுசாக வாயில் வைத்துக் கடிக்க, சூடான சாறு நாடியால் வழியுமாம். அங்கிள் ஏசிக்கொண்டே லேஞ்சியால் துடைத்துவிடுவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் ஆன்ட்டியின் முகம் மலரும்.

தேத்தண்ணீர்கூட ஊற்றத் தெரியாத மனிதர் ஃபோனில் வீடியோ பார்த்து மா குழைக்கப் பழகினார். ஸ்டீமரை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார். அரைத்த கோழியைப் பிசையும் நேரம் வரைக்கும் ஃப்ரிட்ஜை விட்டு எடுக்கமாட்டார். பச்சை இறைச்சி பட்ட பலகைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியையும் அண்ட விடமாட்டார். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவியே கை வெளுத்துப்போனது. தண்ணீர் கொதித்து ஆவி பறந்தால்தான் தட்டு ஏறும், தட்டில் டம்ப்ளிங்குகள் ஒன்றோடொன்று முட்டவும் கூடாது. இதெல்லாம் சரி. இறக்கிய பிறகு நடப்பதுதான் அநியாயம். கத்தியை எடுத்து ஒவ்வொன்றையும் நடுவால் பிளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றில் கொஞ்சம் சிவப்புத் தெரிந்தாலும் முழுத் தட்டும் திரும்ப அடுப்புக்குப் போகும். சாறெல்லாம் ஓடிவிடும். ஆன்ட்டிக்கு மிஞ்சுவது காய்ந்த பாதிகள்.

"இஞ்சாருங்கோ, கொழுக்கட்டையைப் பிளந்து வைச்சா ஆரும் சாப்பிடுவினமே? வெட்டாமல் ஒண்டு தாங்கோவன்."

"உள்ளுக்கு வெந்ததோ எண்டு எப்பிடித் தெரியும், பாலேஸ்?"

நான் சும்மா இருப்பேனா? "எனத்துக்கு அங்கிள் எல்லாத்தையும் வெட்டுற? ஆகப் பெரிசா ஈக்கிறத வெட்டிப் பாத்தா சரி தானே" என்றேன்.

பக்கத்து லிப்ட் கதையை எனக்குத் திரும்பவும் சொன்னார். பிறகு ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். "இரத்தத்திலை கவுண்ட் ஏறட்டும். டொக்டர் ஓம் எண்டு சொல்லட்டும். அண்டைக்கு வெட்டாமல் தாறன்."

"பிள்ளை, நீர்தான் சாட்சி" என்று ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எனக்கு அவர்மேல் சரியான கோபம். சாப்பிட ஆசைப்படுகிற ஒரு மனுசிக்கு இப்படியும் ஒரு தண்டனையா என்று ஒருநாள் லிப்டுக்குள் வைத்து நேரடியாகவே கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் சுவரில் காது வைக்கவில்லை. "என்ரை கையாலை குடுத்து அவளுக்கு ஏதும் ஆகினா, நான் என்னெண்டு பிள்ளை இருப்பன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தக் கதையே எடுக்கவில்லை.

கவுண்ட் ஏறவில்லை. காய்ச்சல் வந்தது, அது நெஞ்சில் இறங்கியது. சாப்பாட்டால் வந்ததில்லை என்று டொக்டரே சொன்னாராம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, வாயில் மாட்டியிருந்த மாஸ்க்கை விலக்கி, "வீட்டை வந்தோண்ண அவருக்கு ஞாபகப்படுத்தும்" என்றார் ஆன்ட்டி. எதை என்று நான் கேட்கவில்லை. ஆன்ட்டி உயிரோடு வீட்டுக்கு வரவும் இல்லை.

எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம், மீன், இறைச்சி என்று மச்சம் உட்பட, சமைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். மற்ற எல்லாவற்றையும் ஆன்ட்டியின் தங்கச்சி சமைத்தார். டம்ப்ளிங்கை மட்டும் அங்கிள் ஒருவரையும் தொட விடவில்லை. ஸ்டீமரை இறக்கி வைக்க என்னைக் கூப்பிட்டார்.

இறக்கி வைத்தேன். அவர் வழக்கம்போலக் கத்தியை எடுத்தார். ஒன்றைப் பிளந்து வெளிச்சத்தில் பார்த்தார். அடுத்ததைப் பிளந்தார். அந்தக் கை பழகிய வேலையைத் தன்பாட்டில் செய்துகொண்டே போனது. தடுக்க எனக்கு மனம் வரவில்லை. தட்டில் கடைசியாக ஒன்று மிஞ்சியபோதுதான் கத்தி நின்றது.

"பிள்ளை, இதை வெட்டாமல் வைக்கலாம்தானே? இனி அவளுக்கு ஒண்டும் செய்யாதுதானே?"

அழக்கூடாது என்றுதான் போயிருந்தேன், முடியவில்லை. "வைங்க அங்கிள். நான் தானே சாட்சி" என்றேன்.

தோல் கிழியாமல் அதைத் தூக்கி ஒரு சின்னப் பீங்கானில் வைத்தார். "அத்தான், இலை போட்டாச்சு" என்று ஹாலில் இருந்து தங்கச்சி கூப்பிட்டார். அங்கிள் வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்று பீங்கானையே பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அதை மறுபடியும் ஸ்டீமருக்குள் வைத்து மூடி, அடுப்பைப் பற்றவைத்தார்.

"எதுக்கும் இன்னும் கொஞ்சம் அவியட்டும், பிள்ளை" என்றார்.