புகை செதுக்கும் ஜோத்தாம்

"பிணம் வேண்டாம்ப்பா. அதை அவன்கிட்டக் குடு. எனக்குப் புகை இருந்தாக் கொண்டா." கட்டைத் துண்டுகளைப் பங்கிடும் பையனிடம் கையை நீட்டியபடியே வாய்ப் புகையிலையை இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறார் ஜோத்தாம் விக்ஸ். நியூயார்க்கில் உள்நாட்டுப் போர்ப் படங்கள் போடும் வாரப் பத்திரிகை ஒன்றில் படம் அச்சிட மரக்கட்டை செதுக்குகிறவர். பெரிய படம் வந்தால் கட்டையைத் திருகு கழற்றித் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஒருவனுக்குக் குதிரைத் தலை, பக்கத்து மேசைக்காரனுக்கு அதன் வால். எல்லாம் முடிந்து மேஸ்திரி திருகிப் பூட்டிய பிறகுதான் அது படம்.

தெருவில் நடக்கும்போதுகூட இடக் கண்ணை மூடித்தான் நடப்பார். ஒற்றைக் கண்ணில் லென்ஸ் வைத்துச் செய்யும் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. பீரங்கிப் புகையைச் செதுக்கும்போது மூச்சை அடக்கி, சுருள் முடிந்ததும் "ஹூம்" என்று விடுவார். வீட்டுக்காரனின் மூஞ்சியை எதிரிப் பீரங்கிக்காரனுக்கு வைத்துவிட்டு ஒரு வாரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த ஆள். களத்து ஓவியன் குண்டுகளுக்கு நடுவே நாலு கோடு கிழித்து, 'இங்கே பிணங்கள்' என்று எழுதி அனுப்பிவிடுவான். அதைப் பார்த்து இங்கே இருக்கும் ஓவியன் கட்டையில் மேலோட்டமாக வரைந்து தருவான்; மூக்கும் முழியும் வைப்பது இந்த அறைதான். அது ஜோத்தாமுக்குத் தெரியாதா? தெரிந்தால் மட்டும் பயம் விட்டுப் போய்விடுமா?

மகன் லைமன் தெற்கே பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் இருக்கிறான். எதிரிக் கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்தார்களே, அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்துதான் பிணம் வந்தால் அடுத்தவனிடம் தள்ளிவிட்டுப் புகையை மாற்றிக்கொள்கிறார். "மழையில தபால் தாமதமாகும்" என்கிறார், யாரும் கேட்காமலே. அந்தப் பக்கம் மழையே இல்லை என்று அவர் பத்திரிகையிலேயே போட்டிருந்தது.

போன வாரம் அந்த வெடிப்பள்ளமே படமாக வந்தது. படம் முழுக்கப் பிணம். மாற்றிக்கொள்ளப் புகை ஏது? ஜோத்தாமின் துண்டில் இரண்டு கால்கள், அடி பிளந்த பூட்ஸ். இடுப்புக்கு மேலே அடுத்த மேசையில், அயர்லாந்துக்காரன் கார்மக்கிடம் இருந்தது.

வழக்கமாக அடுத்தவன் கட்டையை எட்டிப் பார்த்துக் குறை சொல்லாமல் அவருக்கு உளி நகராது. அன்று கழுத்தைத் திருப்பவே இல்லை. ஒரே பூட்ஸைக் காலை முழுதும் செதுக்கினார்.

கார்மக் கவனித்துவிட்டான். "அண்ணே, லைமனுக்குத் தாடி முளைச்சிருச்சா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"எங்க முளைச்சுது! பூனைமயிர்தான். அதைத் தடவித் தடவி அவங்கம்மா சிரிப்பா."

கார்மக் தன் கட்டைக்குத் திரும்பினான். இன்னும் உளி படாத முகவாயின் மேல் குனிந்தான். வெகுநேரம் கழித்துக் கட்டையை எடுத்துவந்து ஜோத்தாமின் பூட்ஸோடு ஒட்டவைத்தான்.

"பாருங்கண்ணே. எவ்வளவு தாடி! நாப்பது வயசாவது இருக்கும். இது நம்ம பையன் இல்ல. பாத்துருங்க, ஒரு தடவை."

ஜோத்தாம் பார்த்தார். மார்பு வரை இறங்கிய தாடி. அறை முழுதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"ஏண்டா, நம்ம ஓவியன் கட்டையில மழமழன்னு மோவாய்தானே போட்டிருந்திருப்பான்? மேஸ்திரி உன்னைத் தொலைச்சுருவாரு!"

"திட்டுனாத் திட்டிட்டுப் போறாரு."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரு பெத்த புள்ளையோ" என்றார்.

மேஸ்திரி திருகு மாட்டக் கட்டைகளைக் கேட்டுக் குரல் கொடுத்தார். கார்மக் கையை நீட்டினான். "இருடா" என்ற ஜோத்தாம், அந்த முகத்தைத் தன் முகத்தருகே தூக்கி, அதன் கண்களில் ஒட்டியிருந்த மரத்தூளை மெல்ல, நோகாமல், ஊதிவிட்டார்.